வாலில் பூசிய மஞ்சள்

நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் என்று என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தியபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். பார்த்தேன். இருபத்தெட்டு வயதில் ஓய்வு என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. பொன்னாடை கிடையாது, பென்ஷன் கிடையாது. ஆனாலும் பழவேற்காட்டுக் கரையில் என்ன செத்து ஒதுங்குகிறது, ஏன் செத்தது என்று நடந்து பார்த்து எழுதிவைக்கும் இந்த வேலையில் உங்களுக்கு முன்னால் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே நான்தான் மூத்தவள். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆமையின் ஓட்டை எங்கிருந்து எங்கே அளப்பது, டால்பினை எந்தப் பக்கம் நின்று படம் எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒன்பது நிமிடத்தில் நான் செய்த ஒரு தப்பு. அதைத் திருப்பி எடுக்க ஒரு முழுப் பகல் ஆயிற்று. அந்தப் பகலில் ஒரு மனிதனின் படகு போயிருக்கும். அவரே ஜெயிலுக்குள் போயிருப்பார். காரணம் நான்.

முதல் வருடமே எச்சரிக்கை வந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கரையில் ஒரு ஆமையை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். மீன் கூடையோடு போன ஒரு அக்கா நின்று பார்த்தார்.

"இதே ஆமைய முந்தாநாளும் அந்தாண்ட எழுதினியே பாப்பா. இன்னா, ரெண்டு வாட்டி செத்துச்சா?"

அலை அதை நகர்த்திக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. நான் இரண்டாகக் கணக்கு எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து ஓட்டில் பெயின்ட் வைக்க ஆரம்பித்தேன். அந்த அக்கா பெயர் மல்லிகா. கடலோரக் குப்பம் ஒன்றில் இருக்கிறார். எந்தக் குப்பம் என்று நாளை நீங்களே பார்ப்பீர்கள். அவர் கணவர் கோதண்டம் கடலுக்கும் போவார், ஏரிக்கும் போவார். இந்தக் கதையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இவர்கள் இரண்டு பேரைத்தான்.

இப்போது என் பித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் தப்பு புரியாது.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடித் தேடிப் படித்தேன். பூமியின் தென்கோடியில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் வெள்ளைக்காரன் முதன்முதலாகக் கால் வைத்த காலம். ஊரும் சட்டமும் எட்டாத இடங்களில் முதலில் போய்க் கூடாரம் அடித்தவர்கள் கவர்னர்களோ பாதிரிமார்களோ அல்ல. கடல்நாய் வேட்டைக்காரர்களும் திமிங்கல வேட்டைக்காரர்களும்தான். தண்டனையிலிருந்து தப்பியவன், கப்பலை விட்டு ஓடியவன், கப்பலே மறந்து விட்டுப்போனவன். கடல்நாய்களைத் தடியால் அடித்துத் தோலுரித்து அடுக்கிவிட்டு, ஏற்றிப்போகக் கப்பல் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு தீவில் கடல்நாய் தீர்ந்தால் அடுத்த தீவு. அந்த மண்ணின் பெண்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். திமிங்கலக்காரர்கள் வளைகுடாவில் காத்திருப்பார்கள். குட்டியோடு தாய்த் திமிங்கலம் உள்ளே வந்ததும் முதலில் குட்டியைக் குத்துவார்கள். குட்டியை விட்டுத் தாய் போகாது. செத்ததன் வாலடியில் கயிறோ சங்கிலியோ கட்டிப் படகால் இழுத்துவந்து, கொழுப்பைப் பாளம் பாளமாக உரித்து, இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் எண்ணெய். கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் வீட்டு விளக்கு அதில் எரியும்.

இதையெல்லாம் நான் வெறுத்துக்கொண்டே ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த வெட்டு எதற்கு, எந்தக் கத்தி எவ்வளவு நீளம், எல்லாம் மனப்பாடம். குப்பத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சொல்வேன், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒருநாள் மல்லிகா அக்கா வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டே கேட்டுவிட்டுத் துப்பினார்.

"குட்டியக் குத்தி ஆத்தாளப் புடிப்பானா? த்தூ. அவனெல்லாம் ஒரு கடல்காரனா? நீயும் அத்த வாய் நெறய சிரிச்சிக்கினே சொல்ற பாரு."

"நான் சிரிக்கலைக்கா. வரலாறு."

"இன்னா வரலாறோ. எங்காளுங்க கதய ஒருநாளாச்சும் கேட்டுக்கினியா நீ?"

கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காவது வருடம், பொங்கல் முடிந்து வாடைக்காற்று இன்னும் ஓயாத ஒரு காலை. கரையில் திமிங்கலம் என்று போன் வந்தது. பாலம் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. வலைக் கொட்டாய் நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வலை பின்னுகிற, சிக்கெடுக்கிற, சீட்டாடுகிற ஓலைக் கொட்டாய். உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலைப் பார்த்து ஓடினேன்.

முப்பது அடிக்கு மேல் இருக்கும். செத்து ஒருநாள் ஆகியிருக்கலாம். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தன் மகளைத் தூக்கி அதன் முதுகில் உட்காரவைத்துப் படம் எடுக்கப் போக, பெண்கள் சத்தம் போட்டு இறக்கினார்கள். வயிற்றுக்குள் வாசனைத் திரவியத்துக்கு வாங்கும் அம்பர் இருக்குமா, கோடிக்குப் போகுமா என்று ஒரு கும்பல். இது பல்லில்லாத வகை, இதில் அம்பர் வராது என்று நான் கத்திக்கொண்டே சுற்றிவந்தேன். வாலுக்கு வந்தேன். நின்றுவிட்டேன்.

வாலின் அடிப்பகுதியில், உடம்பு ஒடுங்கித் துடுப்பாக விரிவதற்குச் சற்று முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வெட்டு. ஏணிப்படி மாதிரி சம இடைவெளி. சாய்வாக, கூர்மையாக. கல்லோ கப்பலோ செய்த காயம் இல்லை. மனிதக் கை. வெட்டு வாய் மட்டும் தெரிய, அதைச் சுற்றியெல்லாம் மஞ்சளைக் கரைத்துக் கெட்டியாகப் பூசியிருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் ஏதோ பூசை செய்திருக்கிறார்கள், சரி, என்று விட்டுவிட்டேன்.

என் தலைக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கு இப்போது தெரியும். வாலடியில் வெட்டு. கயிறு கட்டி இழுக்க. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் உலகத்தின் மறுமுனையில் செய்ததை இங்கே என் கண்ணெதிரே யாரோ செய்திருக்கிறார்கள்! பயமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, சந்தோஷமாகவும் இருந்தது. படித்தது பலித்துவிட்டதே. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "வாலடியில் கூரிய கருவியால் ஏழு வெட்டுகள். கயிறு கட்டி இழுக்கச் செய்தவை. வேட்டை." படம் எடுத்து, என்னை வேலைக்கு வைத்திருந்த அமைப்புக்கு அனுப்பினேன். அமைப்பு அதை வனத்துறை அதிகாரிகளுக்கு அனுப்பியது. நான் வாலருகே வந்ததிலிருந்து அனுப்பியது வரை ஒன்பது நிமிடம். போன் அப்படித்தான் காட்டுகிறது. இவ்வளவு வேகமாக யாரும் அறிக்கை தந்ததில்லை என்று பாராட்டுகூட வந்தது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி கையில் என் வாக்கியம் அச்சாகி இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று எல்லாரையும் மரியாதையாகவே விசாரித்தார். கூட்டத்தில் ஒருவர், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்: "முந்தாநேத்து கோதண்டம்தான் கத்தியும் கையுமா ரத்தத்தோட வந்து எறங்குச்சு."

அவ்வளவுதான். வீட்டில் கத்தி கிடைத்தது. ஏரியிலிருந்து கோதண்டம் அண்ணனைக் கூட்டிவந்தார்கள். அவருடைய ஃபைபர் படகின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாலை ஆட்கள் வந்து இழுத்துப்போவார்கள், அவரும் கூட வரவேண்டும் என்றார்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினம், வேட்டை வழக்கு. எத்தனை வருடம் ஜெயில் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்.

இன்னொன்றும் இருந்தது, அது ஜீப்பில் வந்தவர்களுக்குத் தெரியாது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைக் குப்பமே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். பாடு என்பார்கள். இறால் நன்றாகப் படுகிற இடத்தில் கோதண்டத்தின் பாடு மறுநாள் விடியற்காலை. படகில்லாமல் முறையைத் தவறவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கில் மாட்டினவருக்கு முறையே இல்லாமல் போனாலும் போகும்.

அதிகாரி கேட்டார்: "திமிங்கலத்தைத் தொட்டீங்களா, இல்லையா?"

கோதண்டம் அண்ணன் அந்த அச்சுக் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 

நான் அருகே போனேன். "அண்ணே, ஏதாவது சொல்லுங்கண்ணே."

"இன்னாத்தச் சொல்றது? எழுதியாச்சு. எழுதினதுக்கப்புறம் என் வாயில இருந்து வர்றது எல்லாம் கத தானே?"

அப்போதுதான் மல்லிகா அக்கா வந்தார். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீதானே எழுதின?"

"ஆமாக்கா."

"வாலுல மஞ்சள் இருந்துச்சே, பாத்தியா?"

"பார்த்தேன். பூசைன்னு நினைச்சேன்."

"பூசன்னா நெத்தியில வெப்போம். வாலுல எதுக்குடி வெக்கிறோம்?"

மணிக்கட்டை விடாமல் அவரே சொன்னார்.

"புண்ணுக்கு வெச்சேன்டி. எங்க ஊட்டுக்காரர் கத்தி பட்ட புண்ணுக்கு. செத்தப்புறம் இன்னா பிரயோசனம்னு கேளு, கேளேன். மனசு கேக்கல, வெச்சேன். காலேஜ் படிச்ச புள்ளைக்கு அது கூடவா தெரியல? வா. உன் ரெண்டு கண்ணையும் எடுத்துக்கினு வா."

இழுத்துக்கொண்டு போனது வலைக் கொட்டாய்க்கு. காலையில் நான் ஸ்கூட்டர் நிறுத்திய அதே கொட்டாய். உள்ளே குறுக்குக் கட்டையில் ஏழு துண்டுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், என் மணிக்கட்டுப் பருமன். இந்தக் குப்பத்தில் யாரும் அந்தக் கயிற்றைப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு துண்டின் உள்பக்கமும் கறுப்பாகத் தோல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

இந்தக் கரையில் ஒரு முறை உண்டு. நடுக்கடலில் ஒருவர் வலை இன்னொருவர் வலையோடு சிக்கிவிட்டால் சில சமயம் அறுத்துத்தான் ஆகவேண்டும். அறுக்கலாம். ஆனால் அறுத்த துண்டைக் கொண்டுவந்து எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கொட்டாயில் தொங்கவிட வேண்டும். சொந்தக்காரர் வருவார், தன் முடிச்சை அடையாளம் காண்பார். அறுத்தவர் எல்லார் முன்னாலும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அறுப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். நான்கு வருடம் அந்தக் கொட்டாய் நிழலில் வண்டி நிறுத்தியிருக்கிறேன். என்னென்னவோ துண்டுகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கிழிந்த வலை, குப்பை என்று நினைத்திருக்கிறேன். தென்கோடித் தீவில் எவனோ எந்தக் கத்தியால் வெட்டினான் என்பது எனக்கு மனப்பாடம். இது தெரியாது.

கோதண்டம் அண்ணனிடம் ஓடினேன். படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மணலில் அவர் எதிரே உட்கார்ந்து, கொட்டாயில் தொங்குவதைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி, காலையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். என்னண்ணே நடந்தது?

"ரெண்டு நாளு முன்ன. கடல்ல உள்ளாற போயிருந்தோம், மூணு பேரு. தண்ணிய பீச்சிக்கினு ஒண்ணு நிக்கிது, ஓடல. கிட்ட போனா வாலச் சுத்திக் கயிறு. ஒரு வூடு ஒசரத்துக்கு வலைக்குப்பை அதோட தொங்கினு கீது. எங்க இருந்து வந்த கயிறோ. கூட இருந்தவன் சொன்னான், வேணாம் நைனா, வாலால ஒரு தட்டு தட்னா நம்ம படகு போயிடும்னு. நான் இடுப்புல கயிறக் கட்டிக்கினு குதிச்சேன்."

"ஏண்ணே குதிச்சீங்க?"

"இன்னா கேள்வி இது? உசுரு அது. என்னியப் பாத்துச்சும்மா. ஏழு சுத்து இருந்துச்சு. கயிறு சதைக்குள்ள எறங்கிப் போச்சு, நடுவுல கத்தி நுழைய எடமில்ல. ஒவ்வொரு சுத்து அறுக்கும்போதும் அது மேலயும் பட்டுச்சு. பொறுத்துக்கடா, பொறுத்துக்கடான்னு சொல்லிக்கினே அறுத்தேன். கடைசி சுத்து வுட்டதும் ஒரே முங்கு. பொழச்சிக்கும்னு நெனச்சேன். இன்னிக்குக் காலைல கரைல கெடக்குதுன்னதும் என்னால போய்ப் பாக்க முடியல. அதான் ஏரிக்குப் போய்ட்டேன்."

ஓடி ஒளிந்துவிட்டார் என்று அதற்குள் அதிகாரியின் குறிப்பில் ஏறியிருந்தது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிமிடம் வரும். உங்கள் கையெழுத்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது இரண்டு வழி தெரியும். ஒன்று, சத்தமில்லாமல் மழுப்புவது. எனக்கும் அது முதலில் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். இன்னொன்று, தப்பு என்று வாய்விட்டுச் சொல்வது.

அதிகாரியிடம் போனேன். "சார், நான் எழுதினது தப்பு."

அவருக்கு வெயிலும் பசியும் சேர்ந்து பொறுமை போய்விட்டது. "மேடம், காலையில வேட்டைங்கிறீங்க. மத்தியானம் காப்பாத்தினாருங்கிறீங்க. ஊர்க்காரங்க நாலு பேர் பேசினதும் மாத்திட்டீங்களா? நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க சார். வந்து பாருங்க."

கொட்டாயிலிருந்து ஏழு துண்டையும் நானும் மல்லிகா அக்காவும் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தோம். நல்ல கனம். குப்பமே பின்னால் வந்தது. பரிசோதனைக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் அப்போதுதான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க பார்த்தது என்ன, நினைச்சது என்ன? தனித்தனியா சொல்லுங்க."

யோசித்தேன். பார்த்தது ஏழு வெட்டு. மீதி முழுவதும் நினைத்தது.

"மஞ்சளைக் கழுவுங்க," என்றார்.

குடம் குடமாகக் கடல்தண்ணீர் ஊற்றினோம். மஞ்சள் கரைந்து ஓடியதும் அடியில் இருந்தது தெரிந்தது. வாலைச் சுற்றி ஏழு பள்ளம், வளையம் வளையமாக, கயிறு வாரக்கணக்கில் அழுந்தி உண்டான பள்ளம், விளிம்பெல்லாம் அழுகி. ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் ஒரே ஒரு வெட்டு. மருத்துவர் ஒரு கயிற்றுத் துண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். படிந்தது. கயிற்றின் அறுபட்ட சாய்வும் சதையின் வெட்டுச் சாய்வும் ஒரே கோட்டில் நின்றன. இரண்டாவது. மூன்றாவது. ஏழாவதும் படிந்தது.

"வெட்டு மேலாகத்தான் இருக்கு. உயிரோட இருக்கும்போது பட்டது," என்றார் மருத்துவர். "சாகடிச்சது கயிறு. வெட்டு இல்லை."

இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமைப்பிலிருந்து திட்டத் தலைவர் போனில் வந்தார். நல்லவர், என்னை வேலைக்கு எடுத்தவர். காலையில் அனுப்பியதை இப்படித் தலைகீழாக மாற்றினால் இனி நம் அறிக்கையை யார் மதிப்பார்கள் என்றார். நடுவில் ஒரு வார்த்தை போடலாமே. காரணம் தெரியவில்லை என்று எழுதிவிடு. யாருக்கும் பாதகமில்லை.

போனைப் பொத்திக்கொண்டு அதிகாரியிடம் கேட்டேன். "காரணம் தெரியலைன்னு எழுதினா இவர் படகு?"

"தெரியலைன்னா விசாரணை தொடரும் மேடம். படகு எங்களோட வரும். தெளிவா எழுதிக் கொடுத்தா நான் மேல பேச முடியும். ஆனா ஒண்ணு, அவர் திமிங்கலத்து மேல கத்தி வெச்சார்னு அதுல நீங்களே எழுதறீங்க. அதையும் யாராவது கேள்வி கேப்பாங்க."

ஆகப் படகைக் காப்பாற்றக்கூடிய அந்த உண்மைக்குள்ளேயே கத்தியும் இருந்தது. இதை நான் ஒருத்தி முடிவுசெய்ய முடியாது. காலையில் அப்படி முடிவுசெய்ததால் வந்த வினைதான் எல்லாம். கோதண்டம் அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன். மழுப்பினால் என்ன ஆகும், எழுதினால் என்ன ஆகலாம் என்று. குப்பத்துப் பெரியவர்கள் சிலர் வேண்டாம் என்று தலையசைத்தார்கள்.

அவர் எழுந்து வேட்டியை உதறினார்.

"எழுது. என் பேரப் போட்டு எழுது. நான்தான் குதிச்சேன், நான்தான் அறுத்தேன். இன்னொரு வாட்டி அது மாதிரி நின்னாலும் குதிப்பேன், அதையும் எழுது. மறைக்கிறதா இருந்தா கொட்டாயில எதுக்குத் தொங்க வுட்டேன்?"

"அந்தக் கடைசி வரி வேணாம்பா," என்றார் அதிகாரி.

"அது இருக்கட்டும் சார்," என்றேன் நான்.

திட்டத் தலைவரிடம் முடியாது என்று சொல்லி போனை வைத்தேன். படகின் விளிம்பில் படிவத்தை வைத்து எழுதினேன். இந்தமுறை ஒரு மணி நேரம் ஆனது. காலை வாக்கியத்தைக் கிழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, படிக்கிற மாதிரி விட்டு, பக்கத்தில் எழுதினேன்: இது நான் யாரையும் கேட்காமல் எழுதியது, தவறு. பிறகு பார்த்ததை வரிசையாக. பிறகு கோதண்டம் சொன்னதை அவர் சொன்னபடி. எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். தவறு என்ற இடத்தில் குரல் கம்மியது. கூட்டத்திலிருந்து ஒருவர், "சத்தமா, அந்த எடத்த இன்னொரு வாட்டி!" என்றார். சிரித்தார்கள். இன்னொருமுறை படித்தேன்.

கோதண்டம் கையெழுத்துப் போட்டார். மருத்துவரும் போட்டார். அதிகாரி இரண்டுமுறை வாசித்தார், கரையை ஒருமுறை நடந்து பார்த்துவந்தார். படகை விட்டுவிட்டார். கத்தியை மட்டும் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

"போனா போது," என்றார் கோதண்டம். "ஊட்டுல அருவாமனை கீது."

"அத்தத் தொட்டுப் பாரு, கைய ஒடைக்கிறேன்," என்றார் மல்லிகா அக்கா. அன்று முதல்முறையாக இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில் அவருடைய பாடு. போனார். எவ்வளவு பட்டது என்று நான் கேட்கவில்லை. அது படிவத்தில் இல்லாத கேள்வி.

வழக்கு வரவில்லை. எனக்குத்தான் வேறொன்று வந்தது. ஆண்டறிக்கையில் அந்த அடித்த வாக்கியம் வேண்டாம், திருத்தியது மட்டும் இருக்கட்டும், அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். அசிங்கம்தான், அதனால்தான் இருக்க வேண்டும் என்றேன். பேசிப் பேசி அலுத்தபின் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது மீஞ்சூரில் ஒரு டியூஷன் சென்டரில் உயிரியல் எடுக்கிறேன். பின்வரிசை சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். அங்கே இருபத்தைந்து பேர் சிரிப்பார்கள்.

வருத்தமில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறேன், உபயோகப்படும். அந்தத் தென்கோடி வேட்டைக்காரர்கள் கொன்றதையெல்லாம் நாள் தவறாமல் குறித்து வைத்தார்கள். எத்தனை தோல், எத்தனை பீப்பாய் என்று. அதைத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். கயிற்றை அறுத்து விடுவித்தவர்களை யாரும் எழுதவில்லை. எங்கள் கரையில் எத்தனை பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார்களோ, ஒரு காகிதத்திலும் இல்லை. ஒரே ஒரு காகிதத்தில் இருக்கிறது, அதில் என் தப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். யாராவது உங்களிடம் அப்படி அடித்த வரியை அழிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். வேலை போகும். மீஞ்சூரில் டியூஷன் இருக்கிறது.

நாளை உங்களைக் கரைக்குக் கூட்டிப்போவார்கள். முதலில் கடலைப் பார்த்து ஓடாதீர்கள். கொட்டாய்க்குள் போங்கள். குறுக்குக் கட்டையில் ஏழு துண்டுப் பச்சைக் கயிறு இன்னும் தொங்குகிறது. போன வாரம் நான் போனபோது மல்லிகா அக்கா அதன் அடியில் உட்கார்ந்து வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மொற மொறதான். சொந்தக்காரன் வந்து இது என் கயிறுன்னு சொல்லட்டும். அறுத்ததுக்கு எங்க ஊட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் மன்னாப்பு கேப்பாரு," என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வரட்டும் மொதல்ல."